தாத்தா துப்பாக்கிக்கு லட்ச ரூபாய் கிடைக்குமா? விற்கப் போனால் தெரியும் சங்கதி!

"எங்க வீட்ல தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒண்ணு இருக்கு. அசல் சீமைச் சரக்கு. இன்னிக்கு வித்தா பல லட்சம் போகும்!"

இப்படிப் பேசுகிறவர்களை மின்சார ரெயிலிலும் பார்க்கலாம், டீக்கடை பெஞ்சிலும் பார்க்கலாம். நகை, நிலம் மாதிரி துப்பாக்கியும் ஒரு சொத்து என்று நினைப்பு. அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கோர்ட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நகையை எடுத்துக்கொண்டு சவுகார்பேட்டைக்குப் போனால் அரை மணி நேரத்தில் கையில் காசு. துப்பாக்கியை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியுமா? வாங்குகிறவரிடம் லைசென்சு இருக்க வேண்டும். அந்த லைசென்சில் இன்னொரு துப்பாக்கிக்கு இடம் இருக்க வேண்டும். விற்கப் போவதை முன்கூட்டியே போலீஸ் நிலையத்துக்கோ மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்து 45 நாள் கழிய வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்கிற ஆள் கிடைப்பது அபூர்வம். லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடைக்குப் போகலாம். அங்கே கடைக்காரர் சொன்னதுதான் விலை.

விலையை ஏற்றியது யார்?

சீமைத் துப்பாக்கிக்கு விலை ஏறியது உண்மை. ஆனால் ஏற்றியது சட்டம்.

ஒரு காலத்தில் ஜமீன்தார்களும் தோட்டத் துரைமார்களும் நீலகிரி, ஆனைமலைப் பக்கம் வேட்டைக்குப் போனார்கள். இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு அப்போது மவுசு. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்காரர் போனார், கிராக்கியும் போனது. இன்று அதே ரகத் துப்பாக்கியைப் பாங்கு வாசலில் காவலாளி தோளில் பார்க்கலாம்.

கைத்துப்பாக்கியின் கதை வேறு. 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குத் தனியாருக்குக் கதவை மூடியது மத்திய அரசு. ஏற்கெனவே உள்ளே வந்திருந்த வெப்ளி, கோல்ட், ஸ்மித் அண்டு வெஸ்சன் ரிவால்வர்களின் விலை ஜிவ்வென்று ஏறியது. சாராயக் கடையை மூடினால் பாட்டில் விலை ஏறுகிற மாதிரிதான். சரக்கு ஒசத்தி என்பதற்காக அல்ல, வேறு சரக்கு இல்லாததால்! லைசென்சு வைத்திருந்தவர்களுக்குக் கைகொடுத்தது அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றுதான். பெண்களுக்காக என்று 2014-ல் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற சின்ன ரிவால்வரை வெளியிட்டது. விலை 1 லட்சத்து 22 ஆயிரத்து 360 ரூபாய். அந்தக் காசுக்கு அன்று இரண்டு ஸ்கூட்டர் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கலாம்.

இப்போது அந்த வெப்ளி பெயரிலேயே உத்தரப்பிரதேசம் சண்டிலாவில் ரிவால்வர் தயாராகிறது. வெறும் பெயருக்காக லட்சங்களைக் கொட்டியவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

அமெரிக்காவில் நம் ஊரில் தபால்தலை சேர்ப்பதுபோல துப்பாக்கி சேர்க்கிறார்கள். அவர்களுக்கும் இந்த அடி விழுந்தது. 'கோல்ட் பைத்தான்' என்ற ரிவால்வர் தயாரிப்பு 2005-ல் நின்றது. பழையதின் விலை ஏறிக்கொண்டே போனது. 2020 ஜனவரியில் அதே கம்பெனி புதிய பைத்தானை 1,499 டாலருக்குக் கொண்டுவந்தது. பழையதைப் பூட்டி வைத்து, 'இனி வராது' என்று நம்பியவர்களுக்குக் கடையிலேயே போட்டி!

மூன்றாவது துப்பாக்கி எங்கே?

நம் நாட்டில் சேர்ப்பு ஆசைக்கே 2019-ல் பூட்டு விழுந்தது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆயுதச் சட்டத் திருத்தம் அதை இரண்டாக்கியது. பரம்பரைச் சொத்து என்று சொன்னாலும் இரண்டுதான். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ கடையிலோ ஒப்படை என்று உத்தரவு. மூன்று வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே வருஷத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும். வாங்கக்கூடியவர்களுக்கோ வரம்பு இரண்டு. இந்த நிலைமையில் பேரம் பேச யாருக்குத் தெம்பு இருக்கும்?

'பழங்காலத்துத் துப்பாக்கி என்றால் கோடிக்குப் போகுமே' என்பார்கள். போகத்தான் போகிறது. 'பில்லி தி கிட்' என்ற கொள்ளைக்காரனைச் சுட்ட ஷெரீப்பின் ரிவால்வர் 2021-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. திப்பு சுல்தானின் துப்பாக்கி ஒன்று இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. 2019-ல் 60 ஆயிரம் பவுண்டுக்கு, நம் காசில் அரைக் கோடிக்கு மேல் போனது. பணம் இரும்புக்கா கொடுத்தார்கள்? யார் கையில் இருந்தது என்ற கதைக்கும் அதற்கான ஆதாரத்துக்கும்! அதே துப்பாக்கி நம் ஊர்ப் பரணில் கிடந்திருந்தால் அந்த ஏலத்துக்குப் போயிருக்காது. 100 வருஷம் தாண்டினால் அது தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் வருஷச் சட்டத்தில் இடமில்லை. சுடவே முடியாத, பழுதுபார்த்தாலும் வேலை செய்யாத புராதனத் துப்பாக்கிக்கு லைசென்சு தொல்லை இல்லை. அந்த ஒரு ஆறுதல் உண்டு.

பீரோவில் ஒரு ஆபத்து

விலைக் கணக்கைவிடப் பெரிய சங்கதி வேறு ஒன்று இருக்கிறது.

வீட்டுப் பெரியவர் காலமாகிறார். லைசென்சு அவர் பெயரில். பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. பாங்கு பாஸ்புத்தகம், எல்.ஐ.சி. பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் தேடி எடுக்கிறார்கள். துப்பாக்கியை மட்டும் பழைய புடவையில் சுற்றி பீரோ அடித்தட்டில் வைக்கிறார் அந்த அம்மா. "அவர் ஞாபகமா இருக்கட்டுமே!"

அன்று முதல் அந்த வீட்டில் இருப்பது லைசென்சு இல்லாத துப்பாக்கி. இதற்கு 2019 திருத்தத்தின்படி குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். கத்தியைக்கூட ஓங்கி அறியாத அம்மாவுக்கு இந்தத் தலையெழுத்து!

தெரியாமல் செய்த குற்றம் என்று சட்டம் விடாது. ஆனால் தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவித்தார்களா? தேர்தல் வந்தால் போதும், 'துப்பாக்கியை ஒப்படை' என்று போலீஸ் நிலையத்தில் இருந்து ஆள் வருகிறது. சென்னையில் கமிஷனர் அலுவலகத்திலும் மாவட்டங்களில் கலெக்டர் ஆபீசிலும் லைசென்சுதாரர் கணக்கு இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் ஏற்றியாகிவிட்டது. 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய ஆள் வரவில்லை என்றால், வீட்டுக்கு ஒரு தமிழ்க் கடிதம் போட எவ்வளவு செலவாகும்? இறந்தவர் குடும்பம் தானாக முன்வந்து ஒப்படைத்தால் கேசு இல்லை என்று அந்தக் கடிதத்தில் இரண்டு வரி எழுதட்டும். பாதி பீரோக்கள் காலியாகும்.

ஒப்படைத்த பிறகும் அலட்சியம் கூடாது. குறித்த காலத்துக்குள் வாரிசு லைசென்சு வாங்கியோ, லைசென்சு உள்ளவருக்கு விற்றோ கணக்கை முடிக்காவிட்டால் அரசாங்கமே பறிமுதல் செய்துகொள்ளும். அப்புறம் ஒரு பைசா தேறாது. ஸ்டேஷன் அறையில் எண்ணெய் போட ஆளில்லாமல் கிடந்தால் சென்னை உப்புக்காற்றில் குழலில் துரு ஏறும். துரு ஏறினால் பாதி விலை போச்சு. வாங்கி வைப்பவர்கள் ஒரு சொட்டு எண்ணெய்க்கும் பொறுப்பேற்கட்டும்.

இதற்கெல்லாம் சுலபமான வழி பெரியவர் உயிரோடு இருக்கும்போதே இருக்கிறது. 70 வயது ஆனாலோ, 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்டு மனுப் போடலாம். 2016 விதிகளிலேயே இடம் உண்டு. மகனுக்கோ மகளுக்கோ வேண்டாம் என்றால், அவரே கடைக்காரரிடம் விலை பேசி முடித்துவிடலாம். அந்த விலை குறைவாகத்தான் இருக்கும்.

கடையானாலும் போலீஸ் நிலையமானாலும் ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம். அதில் துப்பாக்கி நம்பர் இருக்கிறதா, தோட்டா எத்தனை என்று எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்.