தக்காளிக்கு உரிமையாளர் யார்?

விஞ்ஞானம் மனித குலத்தின் பொதுச் சொத்து என்று மேடைதோறும் முழங்கப்படுகின்றது. அம்முழக்கத்தின் பெறுமதியை எடைபோடத் தக்காளிச் செடியொன்றே போதுமானது.

பயிராகும் தக்காளி நோய்களுக்கு எளிதில் இரையாவது. அதனைக் காக்கவல்ல பரம்பரை அலகுகள் பல, பெரு, சிலி முதலிய தென்னமெரிக்க நாடுகளில் வளரும் அதன் காட்டு உறவினங்களிலேயே காணப்படுகின்றன. வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் வட்டப்புழுவை எதிர்க்கும் அலகு, அத்தகைய காட்டினமொன்றுடன் 1940களில் செய்யப்பட்ட கலப்பின் வழியாகப் பயிரினத்துக்கு வந்ததாகும். அவ்வலகைப் பெற்ற நாற்று எதுவென அறிய, முன்னர் நாற்றுகளைப் புழுவுக்கு உட்படுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வலகுக்கு அருகமைந்து, அதனோடு சேர்ந்தே சந்ததிக்குச் செல்லும் நொதிய அடையாளமொன்றைக் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் ரிக்கும் அவரது சகாவும் 1974இல் எடுத்துக்காட்டினர். அதன்பின் இளநாற்றின் இலையைச் சோதித்தலே போதுமாயிற்று. இன்று டி.என்.ஏ. அடையாளங்கள் அப்பணியை மேலும் நுட்பமாக ஆற்றுகின்றன.

அடையாளம் எதனையும் படைப்பதில்லை, இருப்பதைக் காட்டுகின்றது. அவ்வாறாயின், அதன் துணையால் தெரிந்தெடுத்த செடிக்கு ஆக்கவுரிமை கோருவது எங்ஙனம் நியாயமாகும்?

கலத்தலும் தெரிதலுமான முறை, அடையாளங்களைத் துணைக்கொண்டாலும், ஆக்கவுரிமைக்கு உரியதன்று என ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் உயர் மேன்முறையீட்டுச் சபை 2010இல் தீர்த்தது. ஆனால் காட்டினக் கலப்பால் பெற்ற, நீர் குறைந்த தக்காளி பற்றிய வழக்கில், முறைக்கு மறுத்த உரிமையை விளைந்த கனிக்கு அளிக்கலாம் என அதே சபை 2015இல் கூறிற்று. முன்வாசலை அடைத்துப் பின்வாசலைத் திறந்த விந்தை இது! 2020இல் அவ்வாசலும் மூடப்பட்டது. எனினும், 2017 யூலை 1க்கு முன் வழங்கப்பட்ட உரிமைகளை அம்முடிவு தீண்டவில்லை.

உரிமையின்றேல் முதலிடுவோர் யார் என வினவுவர் சிலர். வினா நியாயமானதே. ஆயினும், புதிய இனங்களை வளர்த்தோரைக் காக்கத் தாவர இன உரிமைச் சட்டங்கள் உள்ளன. அவை விற்பனையை உரியவர்க்கு ஒதுக்கினும், அவ்வினத்தைக் கொண்டு பிறர் மேலும் புதிய இனம் வளர்ப்பதைத் தடுப்பதில்லை. ஆக்கவுரிமையோ அவ்வழியையும் அடைக்கவல்லது. நோய்க்கிருமிகள் எவரிடமும் அனுமதி பெற்று மாறுவதில்லை. ஒரு காப்பு முறியடிக்கப்படுமுன் மற்றொன்றைத் தேடப் பலர் வேண்டும்.

ரிக் திரட்டிய காட்டு விதைகள் உலக ஆய்வாளர்க்கெல்லாம் பகிர்ந்தளிக்கப்பட்டன. பகிர்ந்து பெற்றதற்கு வேலியிடுவோர், விஞ்ஞானத்தின் பெயரால் அதனைச் செய்யாதிருப்பாராக!