மூளையைக் கற்கும் மொழி

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையத்தார், கருவில் வளரும் மனித மூளையின் 5,132 வெட்டுமுகப் படங்களைத் 'தரணி' என்னும் பெயரால் 2024 திசெம்பரில் உலகோர்க்கு விலையின்றி வழங்கினர். அச்செல்வத்தை நம் மாணாக்கர் துய்க்குமாறு எங்ஙனம்?

தன்னாமுனை மாணவன் உயர்தர வகுப்பில் 'நரம்புக்கலம்' என்று தமிழிற் பயில்கின்றான். தமிழகத்து மாணவன் அதனையே 'நரம்பு செல்' என்பான். மருத்துவ பீடம் புகுந்ததும் ஆங்கிலமே போதனாமொழியாகின்றது. அதனை வெறுத்தல் தகாது. உலக ஆராய்ச்சிக்கு அது வாயில்.

ஆயின், கற்றவன் ஈற்றில் நிற்குமிடம் நோயாளியின் படுக்கையருகு அன்றோ? பாரிசவாதத்தால் மூளையின் இடப்பாகம் ஊறுபடின், வலக்கை சோர்வதோடு பலர்க்குப் பேச்சும் குலையும். இழந்த சொல் எவை, எஞ்சிய சொல் எவை என்பதை அவர்தம் தாய்மொழியிலன்றி எம்மொழியில் அளந்தறிதல் கூடும்? வாவிக்கரை மூதாட்டியிடம் ஆங்கிலச் சொற்பட்டியல் என் செய்யும்?

1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை பூண்டவர் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள். அந்நெறி நின்று, ஈழத்தாரும் தமிழகத்தாரும் ஒருங்கிருந்து மூளையியலுக்குப் பொதுவான கலைச்சொற்றொகுதி வகுத்தல் வேண்டும். நோயாளியொடு தமிழில் உரையாடும் பயிற்சியை மருத்துவ பீடங்கள் பாடமாக்குதலும் வேண்டும். அப்போதுதான் அங்குக் கற்ற கல்வி இங்குள்ள வீடுகளுக்குப் பயன்படும்.