கடல் கடந்த கலை யாருக்கு உரியது?

ஒருவனது ஆற்றலுக்கு அவன் பிறந்த நாடு களம் அமைத்துக் கொடாதபோது, அவன் பிறர் களத்தில் ஈட்டிய புகழ் யாருக்கு உரியது? புலவர்க்கும் சிற்பிக்கும் எழுகின்ற இவ்வினா விளையாட்டு வீரர்க்கும் எழும் என்பதற்குக் காமினி குணசேனவின் வரலாறு சான்று. தமிழ்ப் பண்டிதர்க்குத் துடுப்பாட்டத்தில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். ஹெவ்லொக் டவுன் ஒழுங்கைகளில் மாலைதோறும் பந்தும் மட்டையுமாய்த் திரியும் என் மாணாக்கரே இதனை எழுதத் தூண்டினர். உலக வீரர் பலரின் கணக்குகளை மனப்பாடமாய் ஒப்புவிக்கும் அவர்களுள் ஒருவரேனும் இப்பெயரைக் கேட்டிலர்.

குணசேன 1931ஆம் ஆண்டில் கல்கிசையிற் பிறந்தார். கொழும்பு ரோயல் கல்லூரியிற் கற்றார். மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைச் சுழலச் செய்யும் அரிய வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. இங்கிலாந்து சென்று நொட்டிங்காம்சயர் அணியிலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணியிலும் ஆடினார். 1957இல் கேம்பிரிட்ஜ் அணியின் தலைவராக லோர்ட்ஸ் மைதானத்தில் ஒக்ஸ்போர்ட் அணியை எதிர்த்து 211 ஓட்டங்கள் குவித்தார். பின்னர் அவுஸ்திரேலியா சென்று நியூ சவுத் வேல்ஸ் அணிக்கும் ஆடினார். முதற்தர ஆட்டங்கள் 194இல் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 674. 2011இல் அவர் மறைந்ததும் அவுஸ்திரேலிய மண்ணிலேயே.

இத்துணைச் சிறப்புடையார் தம் நாட்டுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டமேனும் ஆடவில்லை. குறை அவருடையதன்று. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல். முதல் டெஸ்ட் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் நிகழ்ந்தது 1982இல். அப்பொழுது அவருக்கு அகவை ஐம்பதைக் கடந்துவிட்டது. அவரது இளமைக் காலத்திலோ, இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே செல்லும் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் தங்கும் ஒரு நாளே, பெரும்பாலும், நம்மவர் உலக வீரரோடு பொருதும் நாள்.

"தாயகத்தை விட்டுச் சென்றவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?" என்பார் உளர். அவர்க்கு விடையாக மகாதேவன் சதாசிவம் அவர்களின் கணக்கை எடுத்துக் காட்டுவேன். 1948இல் பிராட்மனின் அணி கொழும்பில் இறங்கியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய தமிழர் அவர். பின்னாளில் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைவரானார். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் பெற்றவர். அத்தகையார்க்கு வாழ்நாள் முழுவதும் வாய்த்த முதற்தர ஆட்டங்கள் பதினொன்றே! ஒருவர்க்கு 194, மற்றவர்க்கு 11. இவ்வேறுபாடு திறமையால் விளைந்ததன்று, களத்தால் விளைந்தது. ஆங்கிலேய மண்ணின் களம் வாய்த்திராவிடின் குணசேனவின் சுழற்பந்தும் சில கிழவர்களின் நினைவோடு மறைந்திருக்கும். ஆகலின், அவர் சென்றது துறந்து போனதாகாது. நிலமில்லா உழவன் அயலூரில் உழுது விதைத்தது போன்றதே அது.

"அவர் சிங்களவர் அன்றோ?" என்று மெல்லக் கேட்பாரும் நம்முள் உளர். சதாசிவம் அவர்களின் ஆட்டத்தை மொழி பாராது இத்தீவினர் போற்றினர். அப்பெருந்தன்மையை நாம் கைம்மாறாகச் செலுத்தலாகாதா? ஒரு மொழியின் வளம், தன் இனத்தார் புகழை மட்டும் பாடுவதால் வளர்வதன்று. அயலார் சிறப்பையும் தன் சொல்லில் ஏற்றுக் காக்கும்போதே அது விரியும்.

களம் அளித்த நாடுகள் தம் ஏடுகளில் இவர்களின் எண்களைப் பொறித்து வைத்துள்ளன. நம் கடமை எஞ்சியிருக்கிறது. ஆசிரிய அன்பர்களே, நம் வகுப்பறைக் கட்டுரைத் தலைப்புகளுள் இவ்விருவருக்கும் ஓர் இடம் தாருங்கள். மாணவர் நல்ல தமிழில் அவர்கள் கதையை எழுதட்டும். அவ்வாறு எழுதப்படும் நாளில், கடல் கடந்த அக்கலை நமக்கும் உரியதாகும் என்பது என் துணிபு.