மொத்தக் கணக்கு சரி... மூலைக் கணக்கு?



ஆண்டு மலர் என்றால் கவிதையும் துணுக்கும் மட்டும்தானா, நம்ம பாடத்தைப் பற்றி ஒருத்தரும் எழுத மாட்டீர்களா என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். அதனால் இந்தக் கட்டுரை. விஷயம் எலக்ட்ரோஃபார்மிங்.

மின்முலாம் பூசுவதை எல்லோரும் பார்த்திருப்போம். இது அதற்குப் பெரியண்ணன். மாண்ட்ரல் என்ற அச்சின் மேல் உலோகத்தைக் கனமாகப் படிய வைத்து, அப்புறம் அச்சை நீக்கிவிட்டு, படிந்த கூட்டையே பொருளாக எடுத்துக்கொள்வது. 1838-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் யாக்கோபி என்ற அறிஞர் செய்து காட்டினார். கிராமபோன் தட்டு அச்சிடும் நிக்கல் அச்சும், சுமார் 0.3 மி.மீ. கனமுள்ள சி.டி. அச்சும் இப்படிப் பிறந்தவைதான்.

இதில் நமக்குச் சொல்லித் தருவது என்ன? ஃபாரடே விதி. ஒரு சதுர டெசிமீட்டருக்கு 1 ஆம்பியர் கொடுத்தால் நிக்கல் மணிக்குச் சுமார் 12 மைக்ரான் படியும். 4 ஆம்பியர், திறன் 95 சதவீதம் என்றால் சுமார் 47 மைக்ரான். ஆக 1 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய 21 மணி நேரம். ரெக்கார்ட் நோட்டில் எழுதினால் சார் 'டிக்' போட்டுவிடுவார். வைவாவிலும் அதோடு சரி.

என் கருத்து இதுதான்: அந்த 1 மி.மீ. வெறும் சராசரி. ஆங்காங்கே எத்தனை படிந்திருக்கிறது என்று கேட்காத பாடம் பாதிப் பாடம்தான்.

மின்னோட்டம் சுலபமான வழியைத்தான் தேடும். ஆனோடுக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பிலும் முனையிலும் போய்க் குவியும். குழியையும் உள்மூலையையும் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். எங்கள் கொல்லிமலைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் சரக்கெல்லாம் செம்மேட்டில் இறங்கிவிடும். உள்ளே இருக்கிற ஊருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று அங்கே இருப்பவனைக் கேட்டால்தான் தெரியும். மலைக்கு வந்த மொத்தம் என்னவோ சரியாகத்தான் இருக்கும்!

இன்னொரு தொல்லையும் உண்டு. முனையில் உலோகம் கூடக்கூட அது ஆனோடை நோக்கி நீள்கிறது. நீள நீள இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. முதல் மணி நேரத்தில் சின்னப் புள்ளியாக இருந்தது இருபதாவது மணி நேரத்தில் குமிழாகி, மரம் மாதிரி கிளை விட்டு நிற்கும். சில மைக்ரான் முலாமில் கண்ணுக்கே தெரியாத குறை இங்கே பொருளையே கெடுத்துவிடுகிறது.

ராடாரில் வரும் வேவ்கைடு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்தும் முறுக்கியும் இருக்கிற உள்பக்கத்தை லேத்திலோ மில்லிங்கிலோ துல்லியமாகக் கடைய முடியாது. அதனால் அலுமினியத்தில் மாண்ட்ரல் செய்து, அதன் மேல் செம்போ நிக்கலோ படிய வைத்து, கடைசியில் அலுமினியத்தைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து எடுத்துவிடுவார்கள். இங்கே எனக்கு ஒரு தனி சந்தோஷம். எங்கள் மலையின் பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போனபோது, முதலில் அதைக் கரைத்ததும் இதே காஸ்டிக் சோடாதான். 1960-களில் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையில் 2008-இல் அலுமினிய உற்பத்தி நின்றது. அப்படிப்பட்ட ஆலைத் தொட்டிகளில் சுமார் 950 டிகிரி வெப்பத்தில் அலுமினியம் உருகிய நிலையிலேயே கேத்தோடில் சேர்கிறது. திரவமாச்சே, ஓடித் தானே மட்டமாகிக்கொள்ளும். நிக்கலுக்கு அந்த வசதி இல்லை. விழுந்த இடத்தில் திடமாக உட்கார்ந்துவிடும். வேவ்கைடில் குழாயும் ஃபிளாஞ்சும் சேரும் உள்மூலையில் உலோகம் மெலிந்து போகும். அந்த இடம்தான் விரிசல் விடும்.

'மூலையில கம்மியா? இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடட்டும்' என்பது பட்டறை வைத்தியம். இதை நான் ஏற்க மாட்டேன். மூலைக்கு ஒரு பங்கு போகும் அதே நேரத்தில் முனைக்கு மூன்று நான்கு பங்கு போகிறது. அதை அப்புறம் கடைந்து தள்ள வேண்டும். நிக்கலோ நம் நாடு பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கும் உலோகம்.

சரியான வைத்தியம் வேறு. முனைக்கு எதிரே பி.வி.சி. தகட்டை மறைப்பாக வைக்கலாம். குழிக்குள் ஒரு துணை ஆனோடை நுழைக்கலாம். முனையை ஒட்டி ஒரு கம்பியைக் கேத்தோடாகக் கட்டிவிட்டால் கூடுதல் மின்னோட்டத்தை அது வாங்கிக்கொள்ளும். அந்தக் கம்பிக்குத் தொழிலில் 'திருடன்' என்றே பெயர், நல்ல திருடன்! ஆனோடைத் தள்ளி வைப்பது, மாண்ட்ரலைச் சுற்றவிடுவது, மின்னோட்ட அடர்த்தியைக் குறைப்பது எல்லாம் ஓரளவு உதவும். ஆனால் பாதி வேலை டிராயிங் போர்டிலேயே முடிந்துவிட வேண்டும். கூரான உள்மூலைக்குப் பதில் தாராளமான ஃபில்லட் ரேடியஸ் கொடுத்தால் தொட்டியில் நிற்பவன் நம்மை வாழ்த்துவான். மெக்கானிக்கல்காரர்கள் 'இது கெமிக்கல் சமாச்சாரம்' என்று ஒதுங்குவதை நான் ஒத்துக்கொள்ளாததும் இதனால்தான்.

இரண்டு கோரிக்கைகள். இண்டஸ்ட்ரியல் விசிட் என்றதும் ஆகாய கங்கையில் குளிக்க எங்கள் மலைக்கு வருகிறீர்கள். வாருங்கள், மிளகும் பலாவும் தருகிறோம். ஒரு வருஷமாவது காரைக்குடிக்கும் போவோம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. உலோகப் படிவு அங்கே ஒரு முக்கியமான ஆராய்ச்சித் துறை.

இரண்டாவது, லேபில் ஒரு ஹேரிங்-புளூம் செல் வேண்டும். 1923-இல் வந்த யோசனை, பெரிய செலவு இல்லை. நீளமான பிளாஸ்டிக் பெட்டி. பெட்டியின் குறுக்களவுக்குச் சரியாக இரண்டு செம்புத் தகடுகள், இரு கோடியிலும் கேத்தோடாக. நடுவே துளையிட்ட செம்பு ஆனோடு, ஒன்றிலிருந்து 2 செ.மீ., மற்றதிலிருந்து 10 செ.மீ. தூரத்தில். மயில்துத்தமும் கந்தக அமிலமும் கெமிஸ்ட்ரி லேபில் இருக்கின்றன, தராசும் இருக்கிறது. 1 ஆம்பியரில் 1 மணி நேரம் ஓட்டினால் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 1.19 கிராம் செம்பு வர வேண்டும், ஃபாரடே சொன்னபடி. தூரக் கணக்கு மட்டும் என்றால் அது 5-க்கு 1 என்று பிரியும். அமிலத்தைக் கூட்டியும் செம்பைக் குறைத்தும் மறுபடி நிறுத்துப் பார்த்தால் அந்த 5 எத்தனைக்கு இறங்குகிறது என்று தெரியும். தகடுகளைத் தனித்தனியாக நிறுக்க வேண்டும். சேர்த்து நிறுத்தால் பழைய ரெக்கார்ட் நோட்டுதான்.