நாடி இருக்க ரத்தப் பரிசோதனை எதற்கு?

"சித்த வைத்தியர் நீங்களே ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்றீங்களே, நாடி பிடிச்சா தெரியாதுங்களா?" ஜவ்வாது மலையில் என்னிடம் காய்ச்சலோடு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கீழேயிருந்து வரும் படித்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

நாடியில் வாதம், பித்தம், கபம் தெரியும். சுரத்தை 64 வகையாக எங்கள் நூல்கள் சொல்கின்றன. ஆனால் ரத்தத்தில் இருப்பது எந்தக் கிருமி என்று நாடி சொல்லாது. அதற்குக் கண்ணாடித் தகட்டில் தடவிய ஒரு சொட்டு ரத்தம் வேண்டும், கிருமியைக் காட்டும் சாயமும் வேண்டும். லேப்களில் இதற்குப் பயன்படும் சாயங்களில் ஒன்றின் பெயர் லீஷ்மேன் சாயம். அதைத் தந்தவர் ஒரு பட்டாளத்து டாக்டர்!

வில்லியம் லீஷ்மேன் இந்தியாவிலும் வேலை பார்த்தவர். பிறகு இங்கிலாந்தில் நெட்லி ராணுவ மருத்துவமனையில் நோய்க்குறியியல் நிபுணர் ஆனார். 1900-ல், கல்கத்தா பக்கம் டம்டமில் இருந்து காய்ச்சலோடு திரும்பிய ஒரு சிப்பாய் இறந்துபோனார். அவருடைய மண்ணீரலில் விசித்திரமான சிறு உருவங்களைக் கண்ட லீஷ்மேன், 1903 மே மாதம் அதை வெளியிட்டார். நம்ம சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதையே கண்ட சார்லஸ் டோனவனும் அடுத்த இரண்டு மாதங்களுக்குள் அதை வெளியிட்டார். அவரும் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் என்ற ராணுவச் சேவைக்காரர்தான். கிருமிக்கு இருவர் பெயரும் சேர்ந்து 'லீஷ்மேனியா டோனவானி' என்றானது. நோய், காலா அசார்.

சிப்பாய் படுத்துவிட்டால் சண்டைக்கு யார் போவது? அந்தக் கவலையில் பிறந்த ஆராய்ச்சிதான். பலன் என்னவோ நமக்கும் கிடைத்தது. டைபாய்டு தடுப்பூசியை மேம்படுத்தியதிலும் லீஷ்மேனுக்குப் பங்கு உண்டு.

இதில் நான் கவனிப்பது வேறு. அதுவரை பெரிய பெரிய டாக்டர்களே காலா அசாரை மலேரியா என்று நினைத்துக் கொய்னா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் காய்ச்சல் வரும், மண்ணீரல் வீங்கும். கையால் தொட்டு எப்படிப் பிரிப்பது? அவர்களுக்கே முடியாதது நாடி பிடிக்கும் எனக்கு மட்டும் முடியுமா?

நிலவேம்புக் குடிநீர் தாராளமாகக் குடியுங்கள், நானே தருகிறேன். ஆனால் மலைக்குப் போய் வந்தபின் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துவிடுங்கள். மலேரியா என்றால் அங்கே தரும் மாத்திரையைச் சொன்ன நாள் வரை முழுசாகச் சாப்பிட வேண்டும். ஒருவகை மலேரியாவுக்கு அது 14 நாள். "காய்ச்சல் விட்டுடுச்சே டாக்டர்" என்று மூன்றாம் நாளே நிறுத்தினால், ஈரலில் பதுங்கிய கிருமி சில மாதம் கழித்துத் திரும்ப வரும்.