மணை செய்யாத கைகள்

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் 'பசுமரத்தாணி போல' என்னும் உவமைத்தொடரைப் பிழையின்றி எழுதுகின்றனர், பொருளையும் ஒப்புவிக்கின்றனர். பசுமரத்தில் ஓர் ஆணியை அறைந்து பார்த்தவர் அவர்களுள் எத்தனை பேர்? 'ஆப்பசைத்த குரங்கு' என்றால் சிரிப்பர்; ஆப்பு எதற்காக இறுக்கப்படுகிறது என்று வினவினால் விழிப்பர். கை அறியாத சொல்லை நாவுக்கு மட்டும் பழக்கிவிட்டு, அதனை மொழிப்பாடம் என்கிறோம். ஆசிரியப் பெருமக்கள் சினங்கொள்ளினும் கொள்ளுக. ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு மணையைச் செய்து முடித்திருக்க வேண்டும் என்பேன்.

மணை, உட்காரவும் கால்வைக்கவும் உதவும் தாழ்ந்த பலகை. அடியில் இரு குறுக்குக்கட்டைகளோ நான்கு குட்டைக் கால்களோ இருக்கும். மணமக்களை அமர்த்துவது அதில்தான். அரிவாள்மணை, திருகுமணை என்று அடுக்களையிலும் அதன் பெயர் வாழ்கிறது. மலாய் அன்பர்கள் தேங்காய் துருவும் இருக்கையைப் பறவையாகவும் விலங்காகவும் செதுக்கினர்; அவற்றை அருங்காட்சியகத்தில் கண்டு வியக்கும் நாம், நம் வீட்டு மணையை விறகாக்கிவிட்டு நெகிழி முக்காலி வாங்கினோம்.

எளிய பொருள்தான், எனினும் எளிதில் வசப்படாது. மரம் நெடுக்கில் மிகச் சிறிதே சுருங்கும். குறுக்கில்தான் பெரிதும் சுருங்கும். ஈரம் உலராத பலகையில் செய்த மணை சில திங்களில் கோணும், வெடிக்கும். குறுக்குக்கட்டையை அசைய இடமின்றி ஒட்டி ஆணியறைந்தாலும் பலகை பிளக்கும். இழைப்புளியை இழையின் போக்கில் தள்ளினால் சுருள்சுருளாய்ச் சீவல் வரும். எதிர்த்துத் தள்ளினால் சிராய் எழும். காலின் நுனியைத் துளையைவிட மயிரளவு தடிப்பாக விட்டு, சிறிது சிறிதாகச் சீவிப் பொருத்த வேண்டும். மிகுதியாய்ச் சீவிவிட்டால் மீள வழியில்லை. நுனியைப் பிளந்து இறுக்கும் ஆப்பு, பலகையின் இழைக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். இணையாகக் கிடந்தால் ஆப்பே பலகையைப் பிளந்துவிடும். குரங்கின் கதை அப்போதுதான் விளங்கும்! பிறகே செதுக்கல். கோட்டை முதலில் ஆழ வெட்டிய பின்னரே உள்ளே அகழ வேண்டும். இல்லையேல் இதழ்நுனி தெறித்துவிடும். மேற்பரப்பெல்லாம் தாமரையை நிரப்புவதே அழகு என்பார் சிலர். அதன்மேல் அரைமணி நேரம் அவர்களே உட்கார்ந்து பார்க்கட்டும். விளிம்புதான் செதுக்கலுக்கு உரிய இடம்.

'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடம் இருக்கிறதே என்பர். இருக்கிறது, ஏட்டில் வரைந்து, வாங்கிய துண்டுகளைப் பசையால் ஒட்டி, படம் பிடித்துக் கோப்பில் சேர்ப்பதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. பள்ளிக் கண்காட்சி ஒன்றில், மாணவர் செய்தது என்று வைத்திருந்த முக்காலியின் அடியில் கடையின் விலைச்சீட்டைக் கண்டேன்.

'என் பிள்ளை தச்சனாகவா போகிறான்?' என்று கேட்கும் பெற்றோரின் மனம் எனக்குப் புரியாமல் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பால்மரக் காட்டில் தேய்ந்த குடும்பம், கைவேலை என்ற சொல்லுக்கே அஞ்சுகிறது. ஆனால் அவ்வச்சத்தை இகழ்ச்சியாக்கிப் பிள்ளைக்குப் புகட்டுவதை ஏற்கேன். அதே பால்மரம், ஏறத்தாழ 25 ஆண்டுகளில் பால் குறைந்து வெட்டப்பட்டு, ஒரு காலத்தில் விறகாய் எரிந்தது. இன்று மருந்தேற்றி உலர்த்தப்பட்டு, மேசையாகவும் நாற்காலியாகவும் கப்பலேறுகிறது. பால் எடுத்த கை நம்முடையது. பலகையைப் பொருளாக்கும் தொழிலைக் கற்றுக்கொள்வது மட்டும் நமக்கு இழிவாகிவிட்டதோ?

உளி காயப்படுத்தும் என்பர். பலகையை அசையாமல் இறுக்கி, இரு கைகளும் உளிவாய்க்குப் பின்னால் இருக்கப் பழக்குக. மழுங்கிய உளியே பெரிதும் சறுக்கும்; ஆதலால் தீட்டக் கற்பிப்பதே முதற்பாடம். தேர்வுக்கு நேரம் போதவில்லை என்னும் சாக்கு, 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டதோடு போயிற்று. ஆசிரியர்க்கே இத்தொழில் தெரியாதே என்பர். இது ஒன்றுதான் உண்மையான தடை. நம் வட்டாரத்தில் தேடினால் முதிய ஆசாரி ஒருவரேனும் அகப்படுவார். விழாமேடையில் அவருக்கு மாலையிட்டு அனுப்பிவிடாமல், பத்து வாரம் வகுப்பறைக்கு வரவழைத்து உரிய ஊதியமும் கொடுங்கள். அவர் உளி தீட்டும்போது, முன்வரிசையில் மாணவரோடு தலைமையாசிரியரும் அமரட்டும்.