பிறேக் மிதி அமிழ்ந்தால்...

பழைய மோட்டார்க் காரைத் தன் கையாலேயே திருத்திக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் அற்றுப்போய்விடவில்லை. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனரும், அதன் காலத்து ஒஸ்ரின் வண்டிகளும் இலங்கையின் தெருக்களில் இன்றும் ஓடக் காண்கிறோம். 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் செல்லத் தடையிருந்தபோது மண்ணெண்ணெயிலே ஓடிய பெருமையும் இத்தகைய பழைய கார்களுக்கு உண்டு. எஞ்சின் அவ்வளவு பொறுமையுடையது. ஆனால், பிறேக்குக்கு அப்பொறுமை சிறிதும் இல்லை. அதனிடத்தில் ‘இப்போதைக்கு இது போதும்’ என்ற பேச்சே செல்லாது.

பிறேக்கின் இறப்பர்களை மாற்றிப் பூட்டிய பின்னர், மிதியை மிதித்தால் அது பஞ்சுபோல் அமிழ்கின்றது என்பதே பலருடைய முறைப்பாடு. இரண்டு மூன்று தடவை விரைந்து மிதித்தால் மிதி உயர்ந்து வண்டி நிற்கும். ‘பழைய வண்டிக்கு இது வழமைதானே’ என்று எண்ணி அதிலே குடும்பத்தை ஏற்றிச் செல்வோரும் உளர். பிள்ளையொன்று தெருவின் குறுக்கே ஓடிவரும் வேளையில் மூன்று தடவை மிதிப்பதற்கு அவகாசம் ஏது?

குற்றத்தை அறிவதற்கு முன், பிறேக் இயங்கும் முறையை அறிதல் வேண்டும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அமுக்கத்தைச் செலுத்தினால் அது எல்லாப் பக்கமும் குறையாமற் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலே பிளேஸ் பஸ்கால் கண்டறிந்தார். நமது கால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெயை அமுக்க, அந்த அமுக்கம் குழாய் வழியே நான்கு சில்லுகளுக்கும் சென்று பிறேக் கட்டைகளை டிரத்தோடு அழுத்துகின்றது. எண்ணெய் சுருங்காது, காற்றோ சுருங்கும். அமுக்கம் பத்து மடங்கானால் காற்றின் கனவளவு பத்திலொரு பங்காகும் என்னும் போயிலின் விதியை மாணவர்கள் அறிவர். குழாயினுள் சிறு காற்றுக் குமிழி இருப்பினும், காலின் பலத்திற் பெரும்பகுதி அதனைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும்.

ஆயினும், மிதி அமிழ்வதற்கெல்லாம் காற்றே காரணமென்று முடிவு செய்தலாகாது. வண்டியை நிறுத்திவைத்து மிதியைச் சோதித்தால், அதுவே குற்றத்தைச் சொல்லிவிடும். பலமுறை மிதித்ததும் மிதி உயர்ந்து கல்போல் உறுதியாக நின்றால், பெரும்பாலும் கட்டைக்கும் டிரத்துக்கும் இடைவெளி கூடியிருக்கின்றது. உயர்ந்த பின்னரும் வில்போல் துள்ளினால் உள்ளே காற்று உண்டு. காலை அழுத்தியபடியே வைத்திருக்க மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ எண்ணெய் கசிகின்றது. அல்லது மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் பழுதடைந்துள்ளது.

முதலில் இடைவெளியைச் சரிசெய்க. கைப்பிறேக்கைத் தளர்த்தி, சில்லை உயர்த்தி, டிரத்திலுள்ள துளையூடாகச் சரிசெய்யும் ஆணியைச் சில்லு இறுகும்வரை திருப்பிப் பின்னர் அது தடையின்றிச் சுழலுமளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். மொறிஸ் மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு ஆணிகள் உண்டு; ஒன்றைத் திருப்பி மற்றதை மறந்துவிடுவோர் பலர். மிதியை ஒருமுறை பலமாக மிதித்துவிட்டு மீண்டும் பார்த்தல் நன்று. வண்டியை ஜாக்கை மட்டும் நம்பித் தூக்கிவைத்தல் கூடாது. உறுதியான தாங்கியும், தரையிலுள்ள சில்லுகளுக்குக் கல்லும் வைத்தல் அவசியம்.

அடுத்தது காற்று எடுத்தல். இதற்கு இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்குக. நம் நாட்டு வண்டிகளில் அது பெரும்பாலும் பின் இடது சில்லாகும். நிபிளில் இறப்பர்க் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது எண்ணெய் உள்ள போத்தலில் அமிழ்த்துக. ஒருவர் மிதியை அமுக்க, மற்றவர் நிபிளைத் திறந்து, மிதி மேலெழுமுன் மூடிவிட வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று திரும்பவும் உள்ளே புகும்.

மொறிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழே மறைந்திருக்கின்றது. கண்ணுக்குத் தெரியாமையால், காற்று எடுக்கும்போது அதில் எண்ணெய் வற்றிப்போவதை எவரும் கவனிப்பதில்லை. வற்றினால் புதுக்காற்று புகுந்து, செய்த வேலையெல்லாம் வீணாகும். ஆகவே இடையிடையே எண்ணெய் வார்த்தல் வேண்டும். மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தெடுக்கவும் மறத்தலாகாது.

இவ்வளவு செய்தும் மிதி திருந்தாவிடின், இறப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். முதுமையடைந்த ஹோஸ் அமுக்கத்தில் பலூன்போல் புடைக்கும். கூர்மையற்ற கவ்வியால் ஒவ்வொரு ஹோஸையும் முறையே மெதுவாக இறுக்கிச் சோதித்தால், எதை இறுக்கும்போது மிதி உறுதியாகின்றதோ அந்தப் பக்கத்திலேதான் குற்றம். புதிதாகப் பூட்டிய கட்டைகள் டிரத்தின் வளைவோடு பொருந்தாவிட்டாலும் மிதி துள்ளும்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சின் எண்ணெயைப் பிறேக்கில் வார்த்தால் இறப்பர்கள் ஊதிப் பழுதாகும். பிறேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில் கொதிக்கும். ஈரம் ஏறினால் அது 140 பாகையளவுக்கு இறங்கிவிடலாம். மலைப்பாதையில் இறங்கும்போது எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி அடியோடு அமிழ்ந்துவிடும். ஆதலால் வெளியே எடுத்த எண்ணெயையோ, நெடுநாள் திறந்துகிடந்த எண்ணெயையோ மறுபடி வார்க்க வேண்டாம். அது நஞ்சு, சோடாப் போத்தலில் ஊற்றிப் பிள்ளைகள் கையெட்டும் இடத்தில் வைத்தல் பேராபத்து. பழைய கட்டைகளின் தூசியில் அஸ்பெஸ்டோஸ் இருக்கக்கூடும். அதை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இப்பழைய கார்களில் எண்ணெய்ப் பாதை ஒன்றே. ஒரு சில்லிற் கசிந்தாலும் நான்கு சில்லுகளின் பிறேக்கும் போய்விடும்; கம்பியால் இயங்கும் கைப்பிறேக்கு மட்டுமே எஞ்சும். ஆகவே, முதல் மிதியிலேயே உறுதி தோன்றி, ஒரு நிமிடம் அழுத்தி வைத்திருந்தும் மிதி இறங்காதிருக்க வேண்டும். அதன் பின்னரே ஆளற்ற சமதரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதுவும் திருப்தியெனில் பிள்ளைகளை ஏற்றலாம். இல்லையேல், வண்டியை அங்கேயே விட்டுவிட்டுத் தேர்ந்த மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே அறிவுடைமை.